புகாருக்காகக் காத்திருக்கும் ஆணையர் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆதரவற்ற சிறுவர்களுக்கும் முதியவர்களுக்கும் பரிந்து பேச, அரசின் பிடியில் இல்லாத பொது ஆணையர் ஒருவர் வேண்டும் என்று சென்ற வாரம் தலையங்கம் எழுதியிருந்தீர்கள். வேண்டும்தான். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்த ஆணையர் என்னென்ன செய்வார் என்று சொல்ல வந்த இடத்தில், கட்டணமில்லாத் தொலைபேசி எண், இணையதளம், மாதம் ஒரு குறைகேட்பு நாள் என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொண்டீர்கள். அங்கேதான் எனக்கு நெருடியது. இந்த மூன்றும் நடக்கத் தெரிந்தவருக்கும், பேசத் துணிந்தவருக்கும், கையில் போன் இருப்பவருக்கும் உதவும். நீங்கள் யாருக்காக எழுதினீர்களோ அவர்களிடம் இந்த மூன்றுமே இருக்காது.

இதைச் சொல்ல நான் யார் என்று கேட்கலாம். வேலைக்குப் போன புதிதில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் உதவிக் காப்பாளராக இருந்தேன். அப்புறம் செவிலியர் படிப்பு முடித்து, ஓய்வு பெறும்வரை ஒரு முதியோர் இல்லத்தில், பெரும்பாலும் இரவுப் பணி. இரண்டு இடங்களின் பெயரையும் எழுதப்போவதில்லை. அங்கே வேலை பார்த்தவர்களில் கொடுமைக்காரர்கள் என்று சொல்லும்படி அதிகம் பேர் இல்லை. அதனால்தான் இந்த விஷயம் சிக்கலானது.

குழந்தைகள் இல்லத்தில் ஒரு புகார்ப் பெட்டி இருந்தது. மரப் பெட்டி, நீல பெயின்ட், மேலே ஒரு துவாரம். மாட்டியிருந்த இடம் காப்பாளர் அறை வாசல். சாவி காப்பாளரின் சாவிக்கொத்தில். அதைத் திறந்தால் மிட்டாய்த் தாளும், கிழிந்த நோட்டுப் பக்கமும், எப்போதாவது 'மேல் அறையில் ஃபேன் ஓடவில்லை' என்ற சீட்டும் கிடைக்கும். பெயர் போடாமல் எழுதலாம் என்று பெட்டியிலேயே எழுதியிருந்தது. ஆனால் பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தைத் தினமும் பார்ப்பவர்கள் நாங்கள்தான். எந்தப் பையனின் 'ழ' எப்படிச் சாயும் என்று எங்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியும் என்று அவர்களுக்கும் தெரியும். அந்தப் பெட்டியில் ஃபேனைப் பற்றித்தான் எழுதுவார்கள்.

தொலைபேசியும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை உறவினர் பேசலாம். போன் இருப்பது அலுவலக மேசையில். பிள்ளை பேசும்போது எதிரே ஒருவர் உட்கார்ந்து கணக்கு எழுதிக்கொண்டிருப்பார். அவர் ஒட்டுக்கேட்க உட்காரவில்லை, அது அவருடைய மேசை. ஆனாலும் பிள்ளை என்ன பேசும்? "நல்லா இருக்கேன். நீங்க எப்ப வருவீங்க?" அவ்வளவுதான். அந்த மேசையிலிருந்து கட்டணமில்லா எண்ணுக்கு ஒரு பிள்ளை போன் போடும் என்று நினைக்கிறீர்களா?

அங்கே ஒரு பையன் இருந்தான். எட்டு வயதிருக்கும். ஆய்வுக்கு யார் வந்தாலும் அவனிடம் கேட்கும் கேள்விகள் ஒன்றுதான்: சாப்பாடு நன்றாக இருக்கிறதா, அடிக்கிறார்களா, படிக்கிறாயா. மூன்றுக்கும் அவன் உண்மையான பதிலைத்தான் சொன்னான். சாப்பாடு பரவாயில்லை, யாரும் அடிக்கவில்லை, படிக்கிறேன். அவர்கள் எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். அவனுக்கு வேண்டியது வேறு. அவனுடைய அக்காவைப் பெண் பிள்ளைகள் இல்லத்தில் சேர்த்திருந்தார்கள். எந்த இல்லம், எந்த ஊர் என்று அவனுக்குத் தெரியாது. எங்களிடம் இருந்த கோப்பில் உறவினர் என்ற இடத்தில் கோடு போட்டிருந்தது. சேர்க்கும்போது யாரோ அவசரத்தில் போட்ட கோடு. அவளுடைய கோப்பிலும் இதே போல் ஒரு கோடு இருந்திருக்கும். இரண்டு கோப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் அதிகாரம் எங்களுக்குக் கிடையாது, அவர்களுக்கும் கிடையாது. மேலே இருப்பவர்களுக்கு அதிகாரம் இருந்தது, பையனைத் தெரியாது.

பரிந்து பேசும் ஆணையர் என்றதும் பலருக்கும் அடி, சூடு, பட்டினி என்றுதான் நினைவுக்கு வருகிறது. அதெல்லாம் நடந்தால் காவல்துறை வேண்டும், நீதிமன்றம் வேண்டும். ஆணையரின் அன்றாட வேலை இந்தப் பையனுடைய கோடு மாதிரியான விஷயங்கள்தான். யாரும் குற்றம் செய்யவில்லை, எந்த விதியும் மீறப்படவில்லை, ஒரு பிள்ளை மட்டும் அக்காவைத் தேடிக்கொண்டிருக்கிறது. சிறுவர் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 1989இல் வந்தது. தன்னைப் பற்றிய முடிவுகளில் பிள்ளையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்பது அதன் 12வது பிரிவு. அதைப் பலரும் மேற்கோள் காட்டுவார்கள். 25வது பிரிவை அதிகம் பேர் சொல்வதில்லை. வீட்டுக்கு வெளியே, அரசின் ஏற்பாட்டில் வளர்க்கப்படும் பிள்ளையின் நிலைமையைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மறுபடி பார்க்க வேண்டும் என்கிறது அது. மறுபடி பார்ப்பது என்றால் கோப்பைத் திறந்து கையெழுத்துப் போடுவதில்லை. யாராவது உட்கார்ந்து, அந்தக் கோடு சரிதானா என்று பிள்ளையிடமே கேட்பது.

இனி முதியோர் இல்லத்துக்கு வருகிறேன். இங்கே எனக்குச் சொல்ல அதிகம் இருக்கிறது.

ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு அழைப்பு மணி. சுவரிலிருந்து ஒரு ஒயர் தொங்கும், நுனியில் சுவிட்ச். இரவில் மாடிக்கு ஒரு ஆள்தான். ஒரு பாட்டி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்துவார். தண்ணீர் வேண்டும், போர்வை வேண்டும், மணி என்ன, மகன் வந்தானா. மற்றவர்களைப் பார்க்க முடியாது. அதனால் பணியாள் அந்த ஒயரைத் தலைமாட்டுக் கம்பியில் சுற்றி ஒரு முடிச்சுப் போட்டுவிடுவாள். காலையில் அவிழ்த்துவிடுவாள். நீங்கள் பகல் பதினோரு மணிக்கு ஆய்வுக்கு வந்தால் எல்லா மணியும் வேலை செய்யும். அழுத்திப் பார்த்து 'டிக்' போட்டுக்கொள்ளலாம். ஒயரின் நடுப்பகுதி மட்டும் சுருண்டிருப்பதை, தினமும் முடிச்சுப் போட்ட ஒயர் எப்படியிருக்கும் என்று தெரிந்தவர்தான் கவனிப்பார்.

இன்னொன்று, தண்ணீர் டம்ளர். கட்டிலுக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். படுத்தபடி கை நீட்டினால் எட்டுமா? எட்டாத இடத்தில் நிறைந்த டம்ளர் இருந்தால், அவர் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறார் என்று அர்த்தம். சில இடங்களில் வேண்டுமென்றே தள்ளி வைப்பார்கள். குடித்தால் இரவில் எழுப்ப வேண்டியிருக்கும். அதே காரணத்துக்காகத்தான் இரவு மாத்திரையும் எட்டு மணிக்கே கொடுக்கப்படும். தூக்கம் வராதவர்களுக்கு என்று எழுதிய மாத்திரை, தூங்கினால் நல்லது என்று நமக்குத் தோன்றுபவர்களுக்கும் போகும். மாத்திரைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, ஒரு மாடியில் எத்தனை பேருக்கு ஒரே மருந்து என்று எண்ணிப் பார்க்கத் தெரிந்தவர் வர வேண்டும்.

ஆய்வு என்று முன்கூட்டியே தெரிந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். பினாயில் வாசனை, புதுப் படுக்கை விரிப்பு, நகம் வெட்டிய விரல்கள். எனக்கு நினைவிருக்கும் ஒரு ஆய்வில் வந்தவர் நல்ல மனுஷி. ஒவ்வொருவர் பக்கத்திலும் நின்று, குனிந்து, "சவுகரியமா இருக்கீங்களாம்மா?" என்று கேட்டார். சன்னல் ஓரக் கட்டிலில் இருந்த அம்மாள் சிரித்துத் தலையாட்டினார். எதைக் கேட்டாலும் சிரித்துத் தலையாட்டினார். அவருடைய காது மெஷினில் பேட்டரி தீர்ந்து வெகு நாளாகியிருந்தது. மகனிடம் சொல்லியிருந்தோம், வாங்கி வருகிறேன் என்றிருந்தார். அறிக்கையில் 'திருப்தி தெரிவித்தார்' என்று பதிவானது.

அதனால் என் கட்சி இதுதான். ஆணையர் என்பவர் புகார் வரும்வரை உட்கார்ந்திருக்கும் ஆளாக இருக்கக் கூடாது. கூப்பிடாமலே வர வேண்டும், சொல்லாமல் வர வேண்டும், இரவிலும் வர வேண்டும். வந்தால் கதவைத் திறக்க மறுக்க யாருக்கும் உரிமை இருக்கக் கூடாது. தனியாக, நிர்வாகி பக்கத்தில் இல்லாமல், உள்ளே இருப்பவரிடம் பேச வேண்டும்.

இது நடக்காத கனவு என்று யாரும் எழுதிவிட வேண்டாம். அமெரிக்காவில் நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களுக்கென்று குறைதீர்ப்பாளர் திட்டத்தை 1972இல் சோதனையாகத் தொடங்கினார்கள். 1978இல் சட்டத்தைத் திருத்தி, ஒவ்வொரு மாநிலத்திலும் கட்டாயம் இருக்க வேண்டும் என்றார்கள். இல்லங்களுக்குள் போகவும் அங்கிருப்பவர்களோடு தனியாகப் பேசவும் குறைதீர்ப்பாளர்களுக்குச் சட்டமே உரிமை தருகிறது. பயிற்சி பெற்ற தன்னார்வலர்களும் இந்த வேலையில் பங்கெடுக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலும் பொது ஆணையர் அலுவலகத்தின் கீழ் தன்னார்வப் பார்வையாளர்கள் இருக்கிறார்கள். மாற்றுத்திறனாளிகளும் மனநலச் சிகிச்சை பெறுவோரும் தங்கும் இடங்களுக்கு அவர்கள் அறிவிக்காமலே போகலாம்.

இன்னொரு அலுவலகம், இன்னொரு கார், இன்னொரு பெயர்ப்பலகையா என்று கேட்பவர்களைப் பார்த்து எனக்குக் கோபம் வருவதில்லை. அவர்கள் பார்த்த ஆணையங்கள் அப்படி. அவர்களுக்கு என் பதில் இந்தத் தன்னார்வலர்கள்தான். ஓய்வு பெற்ற ஆசிரியர், செவிலியர், வங்கி ஊழியர் என்று மாதத்துக்கு இரண்டு மாலை நேரம் கொடுக்க ஆள் கிடைப்பார்கள். பயிற்சி கொடுங்கள், அடையாள அட்டை கொடுங்கள், அவர்கள் எழுதும் குறிப்பைப் படிக்க ஒரு ஆளை வையுங்கள். ஒரே ஒரு நிபந்தனை, அந்த இல்லத்துக்கு நன்கொடை கொடுப்பவரும் நிர்வாகியின் சொந்தக்காரரும் அந்தப் பட்டியலில் இருக்கக் கூடாது.

இந்தியாவில் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கு 2007இல் ஒரு சட்டம் வந்தது. படித்தால் ஆச்சரியமாக இருக்கும். பிள்ளைகளிடம் பராமரிப்புக் கேட்டுத் தானே விண்ணப்பிக்க முடியாத முதியவருக்காக, அவர் சம்மதித்த வேறொருவரோ ஒரு தொண்டு நிறுவனமோ விண்ணப்பிக்கலாம். தீர்ப்பாயம் தானே முன்வந்தும் விசாரிக்கலாம். அந்த முதியவர் விரும்பினால் அவர் சார்பில் பேச ஒரு பராமரிப்பு அலுவலர் உண்டு. பரிந்து பேசும் ஆளைச் சட்டம் ஏற்கெனவே உண்டாக்கிவிட்டது! ஆனால் அந்தப் பொறுப்பை ஏற்பவர் மாவட்ட சமூக நல அலுவலர் அல்லது அவருக்குக் குறையாத ஒரு அதிகாரி. ஏற்கெனவே மேசை நிறையக் கோப்பு வைத்திருப்பவர். தீர்ப்பாயத்தின் வாசல்வரை வந்தவருக்கு அவர் உதவலாம். மாடியில் படுத்திருப்பவரைத் தேடி அவர் எப்போது போவார்?

சரி, தேடி வந்தாயிற்று. தனியாகப் பேசியாயிற்று. இப்போதுதான் உண்மையான கஷ்டம் ஆரம்பம். உள்ளே இருப்பவர் கேட்பதை ஆணையர் பேச வேண்டுமா, அவருக்கு எது நல்லதோ அதைப் பேச வேண்டுமா?

எங்கள் இல்லத்தில் ஒரு பெரியவர் இருந்தார். சர்க்கரை, கால் மரத்துப்போதல், ஒருமுறை குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து தேறியவர். மறதி கொஞ்சம் தொடங்கியிருந்தது, ஆனால் பேச்சில் தெளிவு. "வீட்டுக்குப் போறேன். விழுந்தா என் வீட்டுல விழறேன், உங்களுக்கென்ன?" என்று தினமும் சொல்வார். மகன் நல்லவர். வாரம் தவறாமல் வருவார். அப்பா தனியாக இருந்தால் என்ன ஆகும் என்று பயந்து சேர்த்தவர். மருத்துவரும் அதையே சொன்னார். நானும் கேட்டிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அந்த அறையில் பெரியவர் பக்கம் நின்று, "இவர் கேட்பதைச் செய்ய என்ன வழி? பகலுக்கு ஒரு ஆள் வைத்தால் ஆகுமா? வாரத்தில் இரண்டு நாள் அனுப்பிப் பார்க்கலாமா?" என்று கேட்க ஒருவரும் இல்லை. எல்லோரும் அவர் நலனுக்காகப் பேசினோம். அவருக்காக யாரும் பேசவில்லை. கேள்வி கேட்கப்படாததால் பதிலும் தேடப்படவில்லை.

இங்கிலாந்தில் மனத்திறன் பற்றி 2005இல் இயற்றிய சட்டத்தில் ஒரு வரி இருக்கிறது. ஒருவர் புத்திசாலித்தனமில்லாத முடிவு எடுக்கிறார் என்பதற்காக மட்டும், அவருக்கு முடிவெடுக்கும் திறன் இல்லை என்று கருதக் கூடாது. இந்த ஒரு வரியை எல்லா முதியோர் இல்லச் சுவரிலும் எழுதி வைக்கலாம். நாம் எல்லோரும் நாற்பது வயதில் எடுக்கும் மடத்தனமான முடிவுகளுக்கு யாராவது நம்மைக் கொண்டுபோய் அடைக்கிறார்களா? அதே சட்டத்தில், முடிவெடுக்கும் திறனை இழந்து, கலந்து பேசக் குடும்பமோ நண்பரோ இல்லாதவருக்கு, பெரிய சிகிச்சை, நீண்டகாலத்துக்கு இடம் மாற்றுவது போன்ற விஷயங்களில் தனியாக ஒரு பரிந்து பேசுபவரை நியமிக்க வேண்டும் என்றும் இருக்கிறது. ஆக, பேசத் தெரிந்தவருக்கு அவர் சொல்வதைப் பேச ஒரு ஆள், சொல்ல முடியாதவருக்கு அவர் வாழ்ந்த வாழ்க்கையைப் பார்த்து, அவர் என்ன சொல்லியிருப்பார் என்று தேடிப் பேச ஒரு ஆள். இந்த இரண்டும் வேறு வேறு வேலை. இரண்டையும் 'நலன்' என்ற ஒரே பையில் போட்டுவிடக் கூடாது.

ரகசியமும் இதைச் சேர்ந்ததுதான். அமெரிக்கக் குறைதீர்ப்பாளர் முறையில், சம்பந்தப்பட்டவர் சம்மதிக்காமல் அவர் யார் என்பதை வெளியே சொல்லக் கூடாது என்பது பொது விதி. கேட்டால் பலருக்கு எரிச்சல் வரும். தவறு நடப்பது தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருப்பதா? ஆனால் ஒரு அம்மாள் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "பென்ஷன் கார்டு அவன்கிட்டதான் இருக்கு, கேட்டுடாதீங்க, அப்புறம் வர்றதையும் நிறுத்திடுவான்" என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? கார்டைவிட மகன் வருவது அவருக்குப் பெரிது. அதை எடை போடும் உரிமை அவருடையது. நீங்கள் ஒருமுறை அவரை மீறிப் பேசிவிட்டால், அந்த மாடியில் இனி யாரும் உங்களிடம் எதுவும் சொல்ல மாட்டார்கள்.

சிறுவர் விஷயத்தில் இது அப்படியே பொருந்தாது. ஒரு பிள்ளை தனக்கு நடந்த கொடுமையைச் சொல்லிவிட்டு, யாரிடமும் சொல்லாதீர்கள் என்றால் சும்மா இருக்க முடியாது. ஆனால் எதைச் சொல்வேன், யாரிடம் சொல்வேன், எதைச் சொல்ல மாட்டேன் என்று முதலிலேயே பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும். ரகசியம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு மீறுவதுதான் மோசம்.

இந்த வித்தியாசத்தால்தான் சிறுவருக்கும் முதியோருக்கும் ஒரே ஆணையர் என்ற உங்கள் யோசனையில் எனக்குத் தயக்கம். ஒரு அலுவலகம், ஒரு கணக்கு, ஒரு கட்டடம், சரி. பொறுப்பாளர்கள் இரண்டு பேர் வேண்டும். பணம் குறையும்போது யாருடைய வேலை முதலில் வெட்டப்படும் என்று எனக்குத் தெரியும். நார்வே 1981இலேயே சிறுவர்களுக்கென்று தனிக் குறைதீர்ப்பாளரை நியமித்தது, உலகத்துக்கே அதுதான் முதல். பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸில் சிறுவர் ஆணையர் 2001இல் வந்தார், முதியோர் ஆணையர் 2008இல். சிறுவருக்கு 1989இலேயே ஐ.நா. உடன்படிக்கை கிடைத்துவிட்டது. முதியோருக்கு அப்படி ஒன்று இன்னும் இல்லை. அதை எழுத ஒரு குழு அமைக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமைகள் பேரவை 2025இல்தான் முடிவு செய்தது. வரிசையில் முதியவர் எப்போதும் பின்னால்தான்.

வேல்ஸில் சிறுவர் ஆணையர் எப்படி வந்தார் என்பதை உங்கள் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் வடபகுதியில் இருந்த சிறுவர் இல்லங்களில் 1974 முதல் நடந்த கொடுமைகளை வாட்டர்ஹவுஸ் என்ற நீதிபதியின் தலைமையில் விசாரித்தார்கள். அறிக்கை 2000இல் வந்தது. சுதந்திரமான சிறுவர் ஆணையர் வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. அந்த விசாரணையில் சாட்சி சொன்னவர்களில் பலர் இல்லங்களில் வளர்ந்து பெரியவர்களானவர்கள். பத்து வயதில் சொல்ல முடியாததை முப்பது வயதில் சொன்னார்கள். தாமதம்தான், ஆனாலும் சொல்ல முடிந்தது. எண்பது வயதில் சொல்ல முடியாததை ஒருவர் எப்போது சொல்வார்? முதியோர் இல்லத்தில் நடப்பதற்குப் பிற்காலச் சாட்சி என்று யாரும் வரமாட்டார்கள். நடக்கும்போதே யாராவது பார்த்தால்தான் உண்டு.

இளைஞர்களைப் பற்றி உங்கள் தலையங்கம் ஒரு வரிகூடச் சொல்லவில்லை, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லத்தில் வளரும் பிள்ளைக்குப் பதினெட்டு வயது முடிந்தால் ஒரு பை, சான்றிதழ்கள், ஒரு கைகுலுக்கல். வீட்டில் வளரும் எந்தப் பிள்ளையையும் பதினெட்டாவது பிறந்தநாளுக்கு மறுநாள் நாம் வெளியே அனுப்புவதில்லை. இங்கிலாந்தில் பராமரிப்பில் வளர்ந்தவர்களுக்கு 25 வயது வரை சிறுவர் ஆணையரின் பொறுப்பு நீள்கிறது. அதைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஊழியர்கள் விஷயத்துக்கு வருகிறேன். அறுபது வயதைத் தாண்டியவர்களில் ஆறு பேரில் ஒருவர், இல்லத்துக்கு வெளியே சாதாரணமாக வாழ்பவர்களிலேயே, கடந்த ஓராண்டில் ஏதோ ஒரு கொடுமைக்கு ஆளானார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது சொல்லும் இன்னொரு கணக்கு, இல்லங்களில் வேலை பார்ப்பவர்களில் மூன்றில் இரண்டு பேர், தாங்களே அந்த ஓராண்டில் ஏதாவது ஒரு விதத்தில் அப்படி நடந்துகொண்டதாகச் சொன்னார்கள் என்பது. படித்தவர்கள் அதிர்ந்துபோவார்கள். நான் அதிரவில்லை. மணி ஒயரில் முடிச்சுப் போட்டவளும் அந்தக் கணக்கில் வருவாள். அவளைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். அவளிடம் போய், ஒரு மாடிக்கு ஒரு ஆள் என்று யார் முடிவு செய்தார்கள் என்று கேட்பவர்தான் எனக்கு வேண்டும். அந்தக் கேள்விக்கு அவள் பதில் சொன்னால் மறுநாள் அவளுக்கு வேலை இருக்க வேண்டும். அமெரிக்கச் சட்டம் குறைதீர்ப்பாளரோடு ஒத்துழைத்த ஊழியரையும் இல்லவாசியையும் பழிவாங்கக் கூடாது என்கிறது. இங்கே எழுதப்போகும் எந்தச் சட்டத்திலும் அந்தப் பிரிவு இல்லையென்றால், ஆணையருக்கு உண்மையைச் சொல்ல ஒரு ஊழியரும் முன்வர மாட்டார். நான் வேலையில் இருந்த காலத்தில் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன்.

ஆணையரை யார் நியமிப்பது, எத்தனை வருடம் என்பதைச் சட்டம் தெரிந்தவர்கள் பேசட்டும். எனக்குத் தோன்றுவது கொஞ்சம்தான். வேல்ஸில் சிறுவர் ஆணையருக்கு ஏழு வருடம், ஒரே ஒரு முறை. மறுபடி பதவி கிடைக்குமா என்ற எண்ணம் இல்லாததால் யாரையும் அவர் தாஜா பண்ண வேண்டியதில்லை. அறிக்கை நேராகச் சட்டமன்றத்துக்குப் போக வேண்டும், அமைச்சரின் மேசையில் தங்கக் கூடாது. உத்தரவு போடும் அதிகாரம் அவருக்குத் தேவையா என்று பலர் கேட்கிறார்கள். எனக்கு அதில் பெரிய ஆசை இல்லை. உத்தரவு போட்டால் நீதிமன்றம், மேல்முறையீடு என்று போய்விடும். பார்த்ததை எழுதவும், எழுதியதை அச்சிடவும், இத்தனை நாளுக்குள் பதில் சொல் என்று கேட்கவும், பதில் வராவிட்டால் வரவில்லை என்பதையும் அச்சிடவும் முடிந்தால் போதும். நிர்வாகங்கள் அபராதத்துக்குப் பயப்படுவதைவிடப் பத்திரிகைக்குப் பயப்படும். இருந்து பார்த்தவள் சொல்கிறேன்.

அங்கே உங்கள் பொறுப்பும் வருகிறது. அப்படி ஒரு அறிக்கை வெளிவந்தால், திறப்பு விழாப் படத்தைப் போடும் பக்கத்தில் அதையும் போடுங்கள். இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். தலையங்கத்தின் கீழே கட்டத்துக்குள் உதவி எண்கள் என்று சிலவற்றை அச்சிட்டிருந்தீர்கள். அடுத்த முறை அச்சிடும் முன், உங்கள் அலுவலகத்தில் யாரையாவது விட்டு இரவு பதினொரு மணிக்கு அந்த எண்களுக்கெல்லாம் போன் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எடுக்கிறார்களா, எடுத்தால் என்ன கேட்கிறார்கள், பேசுபவர் பெயர் சொல்ல மறுத்தால் வைத்துவிடுகிறார்களா என்று எழுதுங்கள். எடுக்காத எண்ணைக் கட்டத்திலிருந்து நீக்கிவிடுங்கள்.

பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர், உங்கள் நெடுநாள் வாசகி